ஐந்தாம் கால்

தார்நாகாவில் கடல் இல்லை. கடலிலிருந்து வந்த புட்டிகள்தான் எங்கள் ஆய்வக அலமாரியில் நிறைந்திருந்தன. என் ஊரான தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கழிமுகத்தில் நானே வலை போட்டு அள்ளி வந்தவை. உள்ளே மிதப்பவை இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். வெறுங்கண்ணுக்கு வெறும் தூசு.

இந்தக் கூட்டத்தில் ஆணின் ஐந்தாம் காலைப் பார்த்துத்தான் இனம் சொல்ல முடியும். மற்றபடி எல்லாம் அண்ணன் தம்பி ஜாடை. எல்லாப் புட்டிகளையும் அலசியதில் ஒரே ஒரு ஆணின் கால் மட்டும் யாரும் வரைந்திராத விதமாக வளைந்திருந்தது. புது இனம்! அன்று சாப்பாடே இறங்கவில்லை. இதை எழுதி முடித்தால் உதவித்தொகை நீளும். அதைவிட, அதற்கு நான் பெயர் வைப்பேன்.

எங்கள் வழக்கம் எளிது. கால்களைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதிப்போம். மிச்ச உடலை அரைத்து டிஎன்ஏ எடுப்போம். மறுநாள் செய்வதாக இருந்தேன். காய்ச்சல் படுக்கவைத்துவிட்டது. அவசரப்பட்ட என் வழிகாட்டி சார், வேலையைப் பக்கத்து ஆய்வகத்துக்காரரிடம் கொடுத்துவிட்டார். மனித ரத்தத்திலேயே பழகியவர் அவர். கால்களைப் பிரிக்காமல் முழுதாக அரைத்துவிட்டார்.

"எதுக்கு மேடம் டென்ஷன்? நக்கோ. டிஎன்ஏ சீக்வென்ஸ் சூப்பரா வந்திருக்கு, ஹவ்" என்றார். உருது புழங்கும் இந்த ஊரிலேயே பிறந்த தமிழர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் என்றால் இன்னொரு சொட்டு எடுத்துக்கொள்ளலாம்.

சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உடம்பு இல்லாம பேர் வெச்சா யாரும் ஏத்துக்க மாட்டாங்கம்மா. மறுபடி போய்ப் பிடிச்சுட்டு வா."

வலையோடு ரயிலேறினேன். கழிமுகம் இருந்த இடத்தில் செம்மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். மேலே லாரிகள் வரிசையாக நின்றன. நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் வலையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னத்தக்கா தேடுதிய? தண்ணி இருந்தாத்தான?"

அழுதேன். லாரிக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

திரும்பி வந்தபோது டிஎன்ஏவை வைத்து வரைந்த வம்சப் படம் மேசையில் இருந்தது. எல்லாக் கிளைகளுக்கும் அப்பால் தனியாக ஒரு கிளை. அரைபட்ட அந்த ஆண் எந்தக் குடும்பத்திலும் ஒட்டவில்லை. நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயம். பெயர் வரவேண்டிய நுனியில் அதை அரைத்த குழாயின் எண் இருந்தது. அதன் கால்களுக்கென்று துடைத்து வைத்த கண்ணாடித் தகடு இன்னும் என் இழுப்பறையில் காலியாக இருக்கிறது.