பூட்டு மில்லுல, சாவி வேங்கிக்கால்ல, நான் அக்னி லிங்கத்துல!

நேத்து பௌர்ணமி. சாயங்காலம் மலை சுத்தக் கிளம்பி அக்னி லிங்கம்கூட தாண்டல...

ஃபோன்!

எங்க மில் முதலாளி. (கிரிவலத்து அன்னிக்கு முதலாளி கூப்பிட்டா, பிரசாதம் கேக்க இருக்காது.)

"யோவ், எலிவேட்டர் சுவிட்ச்சுல உன் பூட்டு தொங்குது. சாவி எங்கய்யா?"

இடுப்பைத் தொட்டுப் பாத்தேன். வேட்டி. வேட்டிக்கு ஏது பாக்கெட்டு?

"முதலாளி... சாவி என் பேன்ட்ல இருக்கு."

"பேன்ட் எங்க?"

"வேங்கிக்கால்ல. வீட்ல."

"நீ?"

"அக்னி லிங்கத்துல."

அப்பவே லைன் கட்டாகிடாதான்னு ஒரு சின்ன ஆசை. ஆகல!

தெரியாதவங்களுக்காக: நான் கீழ்பென்னாத்தூர் ரோட்டுல ஒரு ரைஸ் மில்லுல சேஃப்டி ஆபிசர். ஆபத்தான வேலை எதுவா இருந்தாலும் நான் பர்மிட் எழுதிக் குடுத்தாதான் கை வைக்கணும். முதல்ல மெஷினை ஆஃப் பண்ணணும். அப்புறம் உள்ள இறங்குற ஆளும், பர்மிட் குடுக்குற நானும் சுவிட்ச்சுல ஆளுக்கொரு பூட்டு போடணும். வேலை முடிஞ்சதும் உள்ள யாரும் இல்லன்னு கண்ணால பாத்துட்டு அவங்கவங்க பூட்டை அவங்கவங்கதான் எடுக்கணும்.

மில்லுல எனக்குப் பேரே 'பர்மிட்டு'தான். "பர்மிட்டு வருது பாரு"ன்னு அஃறிணையிலதான் பேசுவாங்க.

நேத்து மதியம் நெல்லை மேல தூக்குற எலிவேட்டர்ல ரிப்பேர். அதோட அடிக்குழியில ஃபிட்டர் கோவிந்தன் அண்ணன் இறங்கி வேலை பாத்தாரு. முடிச்சாரு. அவர் பூட்டை எடுத்துட்டாரு.

அந்த நேரம் பாத்து என் வொய்ஃப் ஃபோன். "என் அண்ணன் வந்து எவ்ளோ நேரமா உக்காந்துனு இருக்கு. நீங்க வரீங்களா, நாங்க போவட்டுமா?"

ஓடிட்டேன்! குழியையும் பாக்கல, பர்மிட்டையும் முடிக்கல, பூட்டையும் எடுக்கல. (மாசா மாசம் மீட்டிங்ல "அவசரம்தான் முதல் எதிரி"ன்னு முழங்குறது யாரு? ஐயாதான்!)

இப்ப அங்க வேக வெச்ச நெல்லு தொட்டி நிறைய நிக்குது. எலிவேட்டர் ஓடுனாதான் டிரையருக்கு ஏறும். ஏறலன்னா நாத்தம் அடிச்சு மொத்தமும் வீண்.

"ஸ்பேர் சாவி எங்கய்யா?"

"இல்ல முதலாளி. ஸ்பேர் இருந்தா பூட்டுக்கு மரியாதை இருக்காதுன்னு நான்தான்..."

"உன் மரியாதையைக் கொண்டு போயி..." (மிச்சம் பப்ளிக்ல எழுத முடியாது.)

"உடைச்சுடட்டுமா?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? சொல்லுங்க பாப்போம்.

நான் சொன்னது, "உடைச்சுடுங்க முதலாளி."

வெக்கம்ங்க. மாட்டிக்கிட்டமேன்னு ஒரு வெக்கம். சீக்கிரம் விஷயம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சு.

ஃபோன் கை மாறுச்சு. ஷிப்ட் சூப்பர்வைசர் அமுதா.

"சார், உடைக்க மாட்டேன்."

"நான்தாம்மா சொல்றேன், உடைம்மா!"

"நீங்க சொல்றீங்க, சரி. குழியில யாரும் இல்லன்னு பாத்தீங்களா?"

"கோவிந்தன் அண்ணன் அப்பவே ஏறிட்டாரேம்மா. அவர் பூட்டே இல்லையே!"

"பாத்தீங்களா, இல்லையா சார்?"

"...பாக்கல."

"லைன்லயே இருங்க."

பின்னாடி முதலாளி கத்துறது கேக்குது. "ஒரு பூட்டை உடைக்க ஒரு கான்ஃபரன்ஸா?" என் வொய்ஃப் கையைப் புடிச்சு இழுக்குது, "நடங்க, ஜனம் இடிக்குது பாருங்க."

திடீர்னு அமுதா குரல், உச்சத்துல. "அண்ணா! வெளிய வாங்க! யாரும் சுவிட்ச் கிட்ட போவாதீங்க!"

உள்ள இருந்தாருங்க. கோவிந்தன் அண்ணன்.

அவரோட மூக்குக் கண்ணாடி குழிக்குள்ள விழுந்துடுச்சாம். "மெஷின் சும்மாதானே நிக்குது"ன்னு யாருகிட்டயும் சொல்லாம, பூட்டும் போடாம, தனியா இறங்கியிருக்காரு. பக்கத்து மெஷின் சத்தத்துல மேல நடந்த சண்டை எதுவும் அவர் காதுல விழல.

அந்தக் குழியில பெல்ட்டு ஓடுனா ஆளு என்னாவாருன்னு மில்லுல எல்லாரையும் விட எனக்கு நல்லா தெரியும். 'உடைச்சுடுங்க'ன்னு சொன்னது இந்த வாய்தான்.

அப்படியே ரோட்டோரம் உக்காந்துட்டேன். ஒரு புண்ணியவான் சாமியார்னு நினைச்சு கையில பிஸ்கட் குடுத்துட்டுப் போயிட்டாரு!

வொய்ஃப்கிட்ட சொன்னேன். "பாதியில திரும்பக் கூடாது"ன்னு ஆரம்பிச்சவ, முழுசாக் கேட்டுட்டு, "போங்க. நான் அண்ணன்கூட சுத்திட்டு வரேன்"னு சொன்னா.

அந்தக் கூட்டத்துல எதிர்ல நடந்து, ஒரு ஆட்டோக்காரரைக் கெஞ்சி வேங்கிக்கால் போனா, கிளம்பும்போது வொய்ஃப் போட்டுட்டு வந்த வாஷிங் மெஷின்ல பேன்ட் சுத்தினு இருக்கு. (ஓடுற மெஷின்ல கை விடல. ஆஃப் பண்ணி, பிளக்கைப் புடுங்கிட்டுத்தான்!)

நெத்தியில விபூதி, வெறுங்காலு, ஈர சாவி. இந்தக் கோலத்துல மில்லுக்குப் போனேன்.

அமுதா சுவிட்ச் முன்னாடி சேர் போட்டு உக்காந்திருந்தா. ஷூவை மாட்டுங்க சார்னு ஒரு ஜோடியை நீட்டுனா. சைஸ் கம்மி. மாட்டிக்கிட்டேன்.

டார்ச் அடிச்சு குழியைப் பாத்தேன். ரெண்டாவது தடவையும் பாத்தேன். பூட்டை எடுத்தேன். பர்மிட்டை முடிச்சுக் கையெழுத்து போட்டேன்.

எலிவேட்டர் ஓடுச்சு. நெல்லு கொஞ்சம் வாடை அடிச்சிடுச்சு. முதலாளி மோந்து பாத்துட்டு, "பரவால்லய்யா"ன்னாரு.

கோவிந்தன் அண்ணன் வந்து, "இன்னா சார், என்னால உங்க கிரிவலம் கெட்டுப்போச்சே"ன்னாரு. திட்டலாம்னு வாயைத் திறந்தேன். அழுகதான் வந்துச்சு.

நன்றி அமுதா. சீனியர் சொன்னதைக் கேக்காததுக்கு!

உங்க ஆபிஸ்ல உங்க பேச்சைக் கேக்காத ஆளு யாராவது இருக்காங்களா? நாளைக்குப் போயி முதல்ல அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.