குறை இல்லை என்று எழுதியவள்

கண் மருத்துவமனை வாசலில் பதினெட்டு வருடமாக நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுபவள் என்பதால் அவளுக்குச் சீட்டக்கா என்றே பெயர். எரியுதா, உறுத்துதா, தண்ணி வடியுதா? மூன்றுக்கும் இல்லை என்றால் "குறை இல்லை" என்று எழுதி, பவர் பார்க்க அனுப்பிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

புதிதாக வந்த சின்ன டாக்டரோ, குறையே சொல்லாதவர்களின் இமையையும் அழுத்திப் பார்த்தாள். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் சத்தமில்லாமல் அடைத்துக்கொள்ளுமாம். பெரியவர்களில் நிறையப் பேருக்கு இருக்குமாம், இருப்பதே தெரியாதாம். "கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நோயைத் தேடுறாங்க" என்று சீட்டக்கா எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அதோடு விட்டாளா? சின்ன டாக்டர் இல்லாத நோயைச் சொல்லி நோயாளிகளை மிரட்டுகிறாள் என்று புகார் எழுதி, ஊழியர்கள் பதினோரு பேரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தாள்.

சின்ன டாக்டரின் வேலைக்கே உலை வைக்கும் புகார். பெரிய டாக்டர் இருவரையும் அழைத்தார்.

"என் கண்ணைப் பாருங்க சார், இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு மருந்து விட்டதில்ல. இதுல நோய் காட்டட்டும் பார்ப்போம்" என்று சீட்டக்கா தானே போய்க் கருவிமுன் உட்கார்ந்தாள்.

சின்ன டாக்டர் கீழிமையை மெல்ல அழுத்தினாள். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய இடத்தில், பற்பசை போலக் கெட்டியாக வெள்ளை வெள்ளையாக வந்தது. எதிரே திரையில் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. சீட்டக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சின்ன டாக்டர் சட்டென்று திரையை அணைத்தாள். "நெறைய பேருக்கு இருக்குக்கா. வெதுவெதுன்னு ஒத்தடம் குடுங்க, போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த "அக்கா"தான் அவளைக் கூசவைத்தது.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?" என்றார் பெரிய டாக்டர்.

"நான் எழுதினது தப்புன்னு எழுதித் தரேன் சார். கையெழுத்துப் போட்டவங்ககிட்டயும் நானே சொல்றேன்."

முதலில் அகப்பட்டது தரை துடைக்கும் ஆயா. சீட்டக்கா தலைகுனிந்தபடியே விஷயத்தைச் சொன்னாள்.

ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணுன்னு எனக்கு அப்பவே தெரியும். எனக்குப் படிக்கத் தெரியாதே, நீ லீவு சீட்டுன்னு சொன்னே, கையெழுத்துப் போட்டேன்."

சீட்டக்காவால் நிமிர முடியவில்லை. இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள்.