மகஜரில் விடுபட்ட அதிபர்

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து இன்றோடு முப்பத்தொரு நாள். இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். பொறுமைசாலி, பூசை தவறாதவர், யாருக்கும் தீங்கு நினையாதவர் என்று நான் அடுக்கினால் தலையசைப்பீர்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் அப்பா என்னிடம் எழுதச் சொன்னது வேறு.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பங்குச் சுவாமியாரின் தயவில் படித்து, கண்டியில் எங்கள் கல்லூரிக்குப் பியூனாக வந்து, தட்டச்சுப் பழகி, அதிபர் அலுவலகத்தின் எழுத்து வேலைகளுக்கெல்லாம் தலைவராக, பிரதம லிகிதராக உயர்ந்தார். லண்டன் பட்டப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் கல்லூரி அது. அதே அலுவலகத்தில் நான் இரண்டாம் லிகிதராக இருப்பதும் அப்பாவின் தயவில்தான்.

மூன்றாவது அதிபரான வெள்ளைக்காரத் துரை நோயுற்றுச் சீமைக்குத் திரும்பியபோது, யாழ்ப்பாணத்தவரான கணித ஆசிரியர் நாகமுத்து மாஸ்டர் அதிபர் பொறுப்பை ஏற்றார். புதிய துரை வந்து சேர ஒன்றரை வருடமாயிற்று. மலேரியா பரவிய காலம். மாஸ்டர் விடுதி மண்டபத்தில் கட்டில்களைப் போட்டு மாணவருக்கு மருந்து கொடுக்க வைத்தார். எழுந்து நடக்க முடிந்தவர்களைப் பரீட்சைக்கும் அனுப்பினார். ஆனால் அதிபரின் பெரிய கதிரையில் ஒருநாளும் உட்காரவில்லை. தமது வகுப்புக் கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். வரப்போகும் துரையை நினைத்து, "அது வாறவற்றை கதிரை" என்பார். அந்த அடக்கத்தை நாங்கள் மெச்சினோம். மெச்சியதோடு நின்றுவிட்டோம் என்பது இப்போது புரிகிறது.

பல்கலைக்கழகம் கொழும்பிலா, கண்டிப் பக்கத்திலா என்று நாடெங்கும் வாதம் நடந்தபோது, எங்கள் கல்லூரியும் அரசாங்கத்துக்கு அனுப்ப மகஜர் என்னும் மனு ஒன்றைத் தயாரித்தது. வரப்போகும் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்க இந்நாட்டவருக்குத் தகுதி உண்டா என்பதும் அன்று பெரிய கேள்வி. மகஜரில் இதுவரை இருந்த அதிபர்களின் பட்டியல் இடம்பெற்றது. தற்காலிகமாகப் பார்த்தவர் பெயர் தேவையில்லை என்றார் புதிய துரை. அப்பா ஒரு கணம் தயங்கியதை நான் கண்டேன். பிறகு துரைமார் நால்வரின் பெயர்களை மட்டும் தட்டச்சில் அடித்தார்.

ஆங்கிலத்தில் எதை அனுப்பினாலும் மாஸ்டர் பிழை பார்ப்பது எங்கள் அலுவலக வழக்கம். அந்தத் தாள்களையும் அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். மாஸ்டர் கடைசி வரி வரை வாசித்தார். இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டார். "ஓம், எல்லாம் சரி" என்று திருப்பிக் கொடுத்தார். அன்று மதியம் அப்பா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.

சில மாதங்களின் பின் கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான் எங்கள் மண்டபத்தில் பேசினார். இத்தகைய கல்லூரியைக்கூட இந்நாட்டவர் எவரும் நடத்தியதில்லை, ஆகவே பல்கலைக்கழகத்தின் தலைவர் சீமையிலிருந்துதான் வரவேண்டும் என்றார். ஆதாரமாக எங்கள் மகஜரையே கையில் பிடித்திருந்தார். மாஸ்டர் முன்வரிசையில் இருந்தார். அப்பா பின்கதவருகே நின்றார். இருவருமே வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

நெஞ்சு நோவு முற்றிப் படுக்கையில் விழுந்ததும் அப்பா மாஸ்டரை அழைத்துவரச் சொன்னார்.

"மாஸ்டர், ஒங்க பேர விட்டது நான்தான். தொரை சொன்னாரு, சரி. ஆனா அடிச்ச கை என்னோடது."

"எனக்கு அண்டைக்கே தெரியும். உமக்கும் பிள்ளையள் இருக்கினம் எண்டுதான் பேசாமல் விட்டனான்."

"நீங்க ஏசியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேங்க."

மாஸ்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவர் போன பிறகு அப்பா என்னிடம் சொன்னார்: "எனக்கு நீ மலர் போடாம இருக்க மாட்ட. என்னப் பத்திக் கொறச்சு எழுதுனாலும் பரவால்ல. இத எழுதிடு." மூன்றாம் நாள் அவர் கண்ணை மூடினார்.

ஆகவே எழுதுகிறேன். எங்கள் கல்லூரிக்கு இதுவரை அதிபர்கள் ஐவர். நாலாமவர் நாகமுத்து மாஸ்டர். அப்பா செய்தது பிழை. அதை அவர் அறிந்திருந்தார் என்பதற்காகவே அவர்மேல் என் மதிப்புக் கூடியிருக்கிறது.

வீடு தேடிவந்து வைத்தியம் செய்த டாக்டர் ஐயாவுக்கும், செபம் சொன்ன சுவாமியாருக்கும், ஹந்தானை லயங்களிலிருந்து நடந்து வந்து மஹியாவைச் சேமக்காலை வரை சவப்பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், உறவினரை ஏற்றிவர லொறி தந்த கம்பளை முஸ்லிம் கடைக்கார நானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இம்மலரில் ஒரு பிரதி, அன்று அந்தப் பெயர் தேவையில்லை என்ற இன்றைய அதிபர் துரை அவர்களுக்கும் உண்டு. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் மகஜர் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் தட்டச்சில் அடித்து, கீழே என் பெயரெழுதிக் கையொப்பமிட்டு, உள்ளே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை அதை அவருடைய மேசையில் நானே வைப்பேன்.

மூத்த மகன்