பார்க்கிங்கில் பத்து நிமிடம்

புனே பக்கம் எங்கள் நிக்டி குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரர் அவர். நல்ல உயரம், நரைத்த மீசை, ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக் கம்பெனியின் நீலச் சட்டை. மாலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். கீழே பார்க்கிங்கில் தன் ஸ்கூட்டர் மேல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். போனைக்கூட எடுப்பதில்லை.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "என்ன சார், வீட்டுச் சாவி இல்லையா?"

"இருக்கு சார். சூப்பர்வைசர் மேல உள்ள கோபத்தை இங்கயே இறக்கி வச்சுட்டுப் போறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பொண்ணு டென்த் படிக்கிறா. ரெண்டு மூணு மாசமா சரியா சாப்பிடல, தூங்கல. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். படியில என் ஷூ சத்தம் கேட்டாலே தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்துடுவேன்னு அவர்கிட்ட சொன்னா. நான் அவளை அடிச்சதே இல்ல சார். கத்துவேன், அவ்வளவுதான். எங்கப்பாவும் அப்படித்தான்."

"இப்ப கோபம் வர்றதில்லையா?"

"வருது. தணியற வரைக்கும் மேல ஏறமாட்டேன். எங்கப்பாகிட்டேருந்து வந்த இந்தக் கத்தல் என்னோட நிக்கட்டும் சார்."

எழுந்து, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே படியேறினார்.

அன்று நான் என் வீட்டு மணியை அழுத்தியதும் உள்ளே பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது. தினமும் நிற்பதுதான். அதை மரியாதை என்று நினைத்து இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் என் பைக்கை நிறுத்தினேன். இறங்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.