இடம் மூன்று தட்டு, வலம் மூன்று தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது உண்மையில் நடந்தது. ஜூன் 11, வியாழக்கிழமை. ஜப்பானில், எங்கள் சுகுபாவில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் எங்கள் அறைக்கு வந்ததில்லை.

என் பெயர் குராமோச்சி. விண்வெளி நிலையத்தில் இருக்கும் நுண்ணோக்கியைத் தரையிலிருந்து இயக்குவது என் வேலை. மேலே ஒருவர் சுவரை உதைத்து மிதந்து போனாலே படம் ஆடும். அதனால் அவர்கள் தூங்கும்போதுதான் எங்களுக்கு வேலை. அவர்களுடைய இரவு எங்களுக்குக் காலை ஆறரை முதல் பிற்பகல் மூன்று வரை.

நான் உட்காரும் நாற்காலி முன்பு சுனாவோஷி சானுடையது; மரியாதைக்கு இங்கே 'சான்' சேர்ப்போம். லென்ஸை நகர்த்துமுன் விசைப்பலகையில் இடப்பக்கம் மூன்று தட்டு, வலப்பக்கம் மூன்று தட்டு தட்டுவார். பல்சக்கரத்தின் தளர்ச்சி போகுமாம். லென்ஸுக்கும் கும்பிடா என்று கேலி செய்வோம். செல்களை வைக்கும் கண்ணாடிக் குப்பியின் மூலை விரிசல் விடும் என்று அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். பிரிவுத் தலைவர் நெமோட்டோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிசம்பரில் ஒரு குப்பி விரிசல் விட்டது. 'இயக்கியவர் பிழை' என்று சுனாவோஷி சான் மேல் பழி போட்டு அறிக்கை எழுதி, எங்கள் எல்லோரையும் அதில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்த வைத்தார் அந்த மனிதர். இங்கே கீழே இருப்பவன் தன் முத்திரையைத் தலைவரின் முத்திரைப் பக்கம் சற்றே சாய்த்துக் குத்துவான், குனிந்து வணங்குவது போல. நானும் சாய்த்துத்தான் குத்தினேன். பிப்ரவரியில் சுனாவோஷி சான் மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று குப்பியில் இதயச் செல்கள் இருந்தன. அதே குப்பியில், தடுப்புக்கு அந்தப் பக்கம், அவற்றைப் பதப்படுத்தும் நச்சுத் திரவம். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். லென்ஸை நகர்த்தவே கூடாது என்பது உத்தரவு. மூன்று மணிக்கு விண்வெளி வீராங்கனை எழுந்து குப்பி இருக்கும் பெட்டியைத் திறப்பார்.

9:40. படம் ஒழுங்காக வந்தது.

9:50. செல்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தன. நான் எதையும் தொடவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த உன்னோவும் தொடவில்லை என்றாள். இயந்திரத்தைத் திட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

10:04. என் கண்ணெதிரே நேரலைப் படம் நகர்ந்தது. இடப்பக்கம். காதுக்கருவியில்... டக்... டக்... டக்...

மேலே ஓடும் மோட்டாரின் சத்தம் இங்கே கேட்காது. ஒரு நாளும் கேட்டதில்லை.

வலப்பக்கம். டக்... டக்... டக்...

விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன்.

10:07. குப்பியின் மூலை. நின்றது.

மயிரிழை போல ஒரு விரிசல். அதன் நுனியில்... ஒரு துளி.

நெமோட்டோவுக்குப் போன் போட்டேன். நிழலாக இருக்கும், அட்டவணைப்படி திறக்கட்டும் என்றார்.

"அது கண்ணுல பட்டா அந்தம்மாவுக்குப் பார்வையே போயிடும், சார்."

"நீயும் இன்னொரு சுனாவோஷி ஆகணுமா?"

அந்தப் பெயரை அந்த வாயில் கேட்டதும் பயம் போன இடம் தெரியவில்லை. கோபம் தலைக்கேறியது. போனை வைத்துவிட்டு, அவரைத் தாண்டி விண்பயணத்துக்கே பொறுப்பான இயக்குநரிடம் நேராகச் சொன்னேன். பெட்டியைத் திறக்காமல் அப்படியே உறையிட்டு மூடினார்கள். அந்தப் பெண்ணின் கண் தப்பியது.

மறுநாள் நெமோட்டோ அறிக்கையை நீட்டினார். 'லென்ஸை இயக்கியவர்' கட்டத்தில் என் பெயர். பாராட்டு எனக்குத்தானாம். அதை அடித்துவிட்டு 'சுனாவோஷி' என்று எழுதினேன். என் முத்திரையைச் சாய்க்காமல் நேராகக் குத்தினேன்.

"செத்தவன் பேரையா எழுதுவ?"

"வேற யார் பேரை எழுதறது? நீங்களே சொல்லுங்க."

வீராங்கனை அனுப்பிய குறிப்பை அவர்முன் வைத்தேன். முந்தைய நாள் படுத்ததுமே, லென்ஸை நகர்த்தும் மோட்டார் ரீங்கரித்ததால் தூக்கம் வரவில்லையாம். அதன் மின்கம்பியைக் கழற்றிச் சுவரில் நாடாவால் ஒட்டிவிட்டு, எங்களிடம் சொல்ல மறந்துவிட்டாராம்.

மூன்று மணிக்கு அவர் எழுந்து பார்த்தபோதும் அந்தக் கம்பி சுவரில்தான் ஒட்டியிருந்தது.