வாளி அருவி

மன்னாரில் அருவி இருந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. இது தட்டையான பூமி. ஆனாலும் வெள்ளைக்காரர் காலத்தில், அரிப்பு என்ற ஊருக்குக் கிட்ட ஒரு துரையின் தென்னந்தோட்டத்தில் அருவி ஒன்று இருந்தது. அதைக் கட்டிய மேசன் நான்.

துரைசாணி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அருவிச் சத்தம் இல்லாமல் நித்திரை வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருப்பார். அதற்காகத் துரை, தோட்டத்துக் குளம் நிரம்பி வழியும் இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கல்லுச் சுவர் எழுப்பச் சொன்னார். என் ஊர் பேசாலையிலிருந்து போய் நான்கு மாதம் தங்கிக் கட்டினேன். கார்த்திகை மழைக்குக் குளம் நிரம்பித் தண்ணீர் இரைச்சலோடு விழுந்தது. முசலிப் பக்கத்துச் சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தது.

துரைக்குப் பெருமை தாங்கவில்லை. கொழும்புச் சினேகிதர்களுக்குக் கடிதம் போட்டார். அவர்கள் வந்ததோ பங்குனியில். குளத்துத் தண்ணீர் சுவருக்கு ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது.

சுவரைப் பூசிச் சரிபார்க்க நான் அப்போது தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தேன். தோட்டத்துக் கங்காணியார் என்னிடம் ஓடி வந்தார்.

"மேசன், நாளைக்கு ஆட்கள் வருகினம். ஒரு சொட்டும் விழாது. என்ன செய்யிறது?"

"வாளி இருக்கோ?"

"ஓம், முப்பது இருக்கு."

மறுநாள் காலை முப்பது பேர் குளக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, தண்ணீரை அள்ளி அள்ளிச் சுவருக்கு மேலால் ஊற்றினோம். கீழே கைதட்டல் கேட்டது. பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள் என்று நினைத்தோம். விருந்தினரில் ஒரு வயதான அம்மா கதிரை கேட்டு வாங்கி, அருவியைப் படம் வரைய உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணித்தியாலம் ஊற்றினோம். கை ஓய்ந்துபோனது. அலுப்புத் தெரியாமலிருக்க ஒருவர் மெல்லமாகக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் பாட்டை எடுத்தார். எங்களையறியாமல் எல்லோரும் சேர்ந்து பாடிவிட்டோம்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அந்த அம்மா குளக்கட்டில் ஏறி வந்தார். பின்னால் துரையும் துரைசாணியும். நாங்கள் வாளியும் கையுமாக நின்றோம். துரையின் முகம் சிவந்துவிட்டது. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு துரைசாணியிடம் ஏதோ சொன்னார். துரைசாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"நிப்பாட்ட வேண்டாமாம். படம் இன்னும் முடியேல்லையாம்."

அதன்பிறகு துரையும் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு வாளி எடுத்தார். மத்தியானம் எல்லோருக்கும் ஆட்டிறைச்சியும் சோறும் வந்தது. நனைந்த உடுப்போடு குளக்கட்டிலேயே இருந்து சாப்பிட்டோம்.