ஆறிய காலை நிமிர்த்தப் போனேன்

போன வருடம் பங்குனியில் தொடங்கி ஆடியில் முடிந்துபோன கதை இது. நாங்கள் இருப்பது அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் எங்கள் தெரு வேப்ப மரம்கூட வெளுத்துத்தான் இருக்கும். நான் பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அதுதான் என் பிழைப்பு.

என் வீட்டுக்காரர் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருடம் ஒரு மழை நாளில், வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தோம், எலும்பும் கூடிவிட்டது. ஆனால் ஒரு கால் கொஞ்சம் குட்டை. தாங்கித் தாங்கித்தான் நடப்பார். இனி லாரி ஓட்ட வேண்டாம், எடை மேடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கம்பெனியிலிருந்து இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். மனிதர் வாசற்படியைத் தாண்டவில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாம் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறார்களாம். கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்கெல்லாம் அசைகிற ஆளாக அவர் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் முயல் வந்தது. கடையில் என்னோடு வேலை பார்த்த பெண் வாலிகண்டபுரத்துக்காரி. கோயம்புத்தூருக்குக் குடிபோகிறாள், முயலைக் கொண்டுபோக வழியில்லை. குட்டியாக இருக்கும்போது நாய் கவ்வி, பின்னங்கால் ஒன்று ஒடிந்து, கோணலாகக் கூடிப்போன வெள்ளை முயல். "ஆறிப்போச்சுக்கா, வலியெல்லாம் கெடையாது. கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான்" என்று சொல்லி, ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

"எதுக்குடி இந்த வேலை? மனுசனையே பாக்க ஆளில்ல" என்று வள்ளென்று விழுந்தார் அவர். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, சிமெண்டுத் தரையில் கால் வழுக்குகிறது என்று வீடு முழுக்கச் சாக்கு விரித்து வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் என்ன, முயல் அவருடையதாகிவிட்டது. மொசக்குட்டி, மொசக்குட்டி என்று நாள் முழுக்க அதே பேச்சு. கோணல் கால் தரையில் சரியாகத் தேயாததால் அந்த நகம் மட்டும் நீளமாக வளரும். அதை அவர்தான் பக்குவமாக வெட்டிவிடுவார். அந்தக் காலால் அதற்குத் தன் காதைச் சொறிந்துகொள்ள வராது. காது அரித்தால் நொண்டிக்கொண்டு அவரிடம் வந்து தலையைச் சாய்த்து நிற்கும். இவர் சொறிந்துவிடுவார், அது கண்ணை மூடிக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஈரச் சாக்கைக் கூண்டு மேல் போட்டுக்கொண்டே இருப்பார். என்னிடம்கூட அவ்வளவு கரிசனம் காட்டியதில்லை என்று கேலி செய்வேன். "நீயும் நாலு கால்ல நட, பாத்துக்கிறேன்" என்பார்.

ஒரு நாள் அருகம்புல் வேண்டும் என்று தானாகவே ஏரிக்கரை வரை நடந்து போய்விட்டு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாரோ என்று பயம். பிறகு தினமும் போனார். முடி வெட்டிக்கொண்டார். ஆடி பிறந்ததும் ஒரு நாள், "திங்கக்கெழமை கம்பெனிக்குப் போயி கேட்டுட்டு வரேன்" என்றார். அடுப்படிக்குள் போய் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

இதோடு விட்டிருந்தால் நான் மனுஷி.

அந்த வாரத்தில் குடிதண்ணீர்க் குழாயில் ஒருத்தி, நான் வருவதைப் பார்த்தும் பார்க்காததுபோல, "நொண்டி வூட்டுக்கு நொண்டி மொசலு, நல்ல ஜோடிதான்" என்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை நாறடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் முயல் நொண்டிக்கொண்டு குறுக்கே போகிறது, பின்னாலேயே அவர் தாங்கித் தாங்கிப் போகிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோணல் கால் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. அன்றிலிருந்து முயலைப் பார்த்தால் முயல் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியமாக எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்கள் உண்டு. கோணலாகக் கூடிய எலும்பை எண்ணெய் போட்டு ஊற வைத்து, மெல்ல இழுத்து நேராக்கி, முட்டையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்கள். ஆடு மாட்டுக்கும் செய்வதுண்டு. முயலுக்குச் செய்தால் என்ன என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு" என்றார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. அவர் குளிக்கிற நேரம் பார்த்து மூன்று நாள் காலையில் முயல் காலில் எண்ணெய் தடவினேன். ஏன் பிசுபிசு என்று இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, அடுப்படியில் எங்கேயோ புரண்டிருக்கும் என்று பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை அவர் கம்பெனிக்குக் கிளம்பியதும், நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முயலைத் துண்டில் சுற்றி, பெரம்பலூர் ரோட்டில் இருக்கிற ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் வயசான மனிதர். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா கெட்டிப்பட்ட எலும்பும்மா. ஓடுது, திங்குது. இத ஏன் நோண்டணுங்கறீங்க?" என்று கேட்டார். முயலுக்குக் கட்டிப் பழக்கமில்லை என்றும் சொன்னார். நீங்கள் செய்யாவிட்டால் வேறு ஆளிடம் போகிறேன் என்று நான்தான் அடம் பிடித்தேன். மருந்துக் கடையில் நிற்கிறவள் நான். கூடிய எலும்பு எது, முறிந்த எலும்பு எது என்று தெரியாதவள் இல்லை.

நான் உடம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் காலை இழுத்தார். முயல் கத்தியது. முயலுக்குக் குரல் உண்டு என்றே எனக்கு அதுவரை தெரியாது. பச்சைக் குழந்தை வீறிடுகிற மாதிரி இருந்தது. நான் பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நல்ல காலால் அது ஓங்கி ஓர் உதை விட்டது. என் கைக்குள்ளேயே படக் என்று ஏதோ முறிந்தது. அதற்குப் பிறகு இரண்டு காலும் துவண்டுவிட்டன.

"முதுகு போயிருச்சும்மா" என்று அவர் கையை எடுத்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து அரியலூர் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, முயல் உதைக்கிற உதையை அதன் முதுகே தாங்காது, அதனால்தான் அழுத்திப் பிடிக்கக் கூடாது என்றார். செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். எந்தக் காலுக்கு வைத்தியம் பார்க்கப் போனீர்கள் என்று கேட்டார். காட்டினேன். "இது ஆறிப்போன கால்தானேங்க" என்றார். முயலைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், என் மடியிலேயே அதன் உயிர் அடங்கிவிட்டது.

நாய் கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று வழி முழுக்க யோசித்தேன். யோசித்தேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. வீட்டுக்குப் போனால் அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். பேண்ட்டை மாற்றி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏ புள்ள, வேல போட்டுக் குடுத்துட்டாங்க! நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க" என்றார். அந்த முகத்தை நான் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை. துண்டை விரித்துக் காட்டினேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. துண்டோடு அதை வாங்கி, காதைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "அதுக்கு என்னடி கொறை? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். என்னைப் பார்க்காமலேயே, "எங்காலயும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் கேட்டது உண்மையோ என்று நானே ஒரு நொடி யோசித்துவிட்டேன். அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் காலை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. இன்று வரைக்கும் போகவில்லை. பேசுகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். ஆனால் நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் கட்டிலை விட்டு எழுந்து நடப்பதில்லை. அப்படி இல்லைங்க என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், காதில் வாங்குவதில்லை. ஊர் பார்த்தபோது கூசியவர், அதையும் தாண்டி வெளியே போய் வந்தார். நான் பார்த்ததை மட்டும் அவரால் தாண்ட முடியவில்லை. குழாயடியில் அவள் சொன்னது வெறும் பேச்சு, அதை வீட்டுக்குள் கொண்டுவந்து அவர் கண்முன்னே செய்து காட்டியவள் நான்தான் என்பது, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடக்கிற ஒவ்வொரு நாளும் என் நெஞ்சை அறுக்கிறது.